சில்லென்ற நெற்றி

விமான நிலையத்துச் சுகாதார மேசையில் இருந்த நர்ஸம்மாவுக்குத் 'துப்பாக்கி' என்று பட்டப்பெயர். காய்ச்சல் பார்க்கும் கருவியை அவள் ஒருவர் நெற்றிக்கு நேரே நீட்டினால் மந்திரியாக இருந்தாலும் அசைய முடியாது. பன்றிப் பண்ணைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவிய கிருமி, டிக்கெட் எடுக்காமலே உலகம் சுற்றக் கிளம்பியிருந்த நேரம். அவள் விடுவாளா?

அன்றைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த விமானத்தில் அவள் வீட்டுக்காரரும் இறங்கினார். குளிர்சாதன மெக்கானிக். அங்கே ஒரு பண்ணையின் இறைச்சிக் கிடங்கைப் பழுது பார்க்கப் போனவர். காலையில்தான் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, முதல் பேத்தி. தாத்தாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கருவியை நீட்டினாள். முப்பத்தொன்று டிகிரி. உயிருள்ள நெற்றி என்றால் முப்பத்தாறாவது காட்ட வேண்டும்.

"இந்தக் கணக்குக்கு நீங்க போய்ச் சேர்ந்து அரை நாள் ஆகியிருக்கணுமே!"

மனிதர் அசடு வழிந்தார். நெற்றியில் ஒற்றிக்கொண்டு வந்த ஐஸ் பை சட்டைப் பையில் சொட்டிக்கொண்டிருந்தது. கருவி நெற்றியை மட்டும்தான் பார்க்கும் என்று சாப்பாட்டு மேசையில் தினமும் புலம்பியவள் அவள்தான். ஆனால் எதையும் அளவுக்கு மேல் குளிர வைத்துவிடுவது அவருடைய தொழில் புத்தி.

கையுறையை உருவிப் போட்டுவிட்டு, வீட்டில் செய்வதைப் போலவே புறங்கையை அவர் கழுத்தில் வைத்தாள். கொதித்தது.

"பேத்திய ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேம்மா. வாசல்லயே நின்னு..."

"அது பச்சைப் புள்ளைங்க! ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, அங்கேருந்து ஊர் ஊரா, நாடு நாடாப் போனா?" தனிமை அறையின் கதவைத் திறந்து பிடித்தாள். "உள்ள நடங்க."

பக்கத்து மேசைக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார். "அக்கா, வெறுங்கையால தொட்டவங்களும் உள்ளதான். நீங்க போட்ட சட்டம்."

அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவில் கண்ணாடி. கைபேசியில் பேத்தி கொட்டாவி விட்டாள். மகள் இருவரையும் சேர்த்து வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இருமத் தொடங்கினார். துப்பாக்கி எழுந்து கண்ணாடியருகே ஓடினாள். பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

"இங்க வாங்க. கழுத்தக் கண்ணாடியில வைங்க."

வைத்தார். இந்தப் பக்கம் அவள் புறங்கையை வைத்தாள்.

"என்ன, குறைஞ்சிருக்கா?"

கண்ணாடி என்றால் சில்லென்றுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"நல்லாவே குறைஞ்சிருக்கு," என்றாள். கையை எடுக்கவில்லை.