ராதாபுரத்தில் இறங்கிய ஸ்டோயிக்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருநெல்வேலி குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டு, படித்துறையிலேயே உட்கார்ந்து நாங்கள் ஆறு பேர் கிரேக்கத் தத்துவம் பேசுவோம். ஸ்டோயிக் தத்துவம். கையில் இருப்பதைச் செய், கையில் இல்லாததற்குக் கலங்காதே என்பதுதான் சாரம். தினமும் காலையில், நடக்கக்கூடிய மோசமானதை நினைத்துப் பார்த்துப் பழக வேண்டும். ஓய்வுபெற்ற தாசில்தார் தாணுமாலையன் அண்ணாச்சி தொடங்கியது இது. இந்தக் காலத்தில் இப்படி வாழ்ந்த ஒருவரை ஆளுக்கொருவர் வழிகாட்டியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வேறு சட்டம் போட்டிருந்தார். செந்தில்முருகன் எடுத்தது, எதிரி நாட்டுச் சிறையில் ஏழு வருஷம் தாக்குப்பிடித்த அமெரிக்க விமானியை. நான் யாரையும் எடுக்கவில்லை. என் கோபத்துக்கு எந்தப் பெரிய மனிதரும் ஒத்துவர மாட்டார்.

செந்தில்முருகன் களக்காட்டில் கால்நடை மருத்துவர். இரண்டு வருஷமாக எனக்கு அவரைப் பிடிக்கும். எப்போது வாய் திறப்பார் என்று காத்திருந்து அலுத்தே போய்விட்டேன். போன ஞாயிறு, மற்றவர்கள் கிளம்பிய பிறகு திறந்தார்.

"மதுமதி, நாம கல்யாணம் பண்ணிக்கிடலாமா? நீங்க சரின்னாலும் சரி, இல்லன்னாலும் சரி. நான் கலங்க மாட்டேன். பதில் என் கையில இல்ல."

பெண் கேட்கிற லட்சணமா இது? மாட்டுக்கு ஊசி போடும்போதுகூட இதைவிடக் கனிவாகப் பேசுவார். எனக்கு அவர் வேண்டும், உண்மைதான். ஆனால் நான் கிடைக்காவிட்டால் அவருக்குக் கொஞ்சமாவது வலிக்க வேண்டாமா? இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். ஈரத்துண்டை மடித்துப் பையில் வைத்தார். களக்காடு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்தேன். அழுகை வேறு வந்தது. மதியம் போன் அடித்தது.

"மதுமதி, நான் ராதாபுரத்துல நிக்கேன்."

களக்காடு எங்கே, ராதாபுரம் எங்கே. போர்டைப் பார்க்காமல் ஏறியிருக்கிறார். எங்கே போகணும் என்று கேட்ட கண்டக்டரிடம் கடைசி ஸ்டாப் என்றாராம். இறங்கச் சொன்ன பிறகுதான், சுற்றிலும் வாழைத்தோப்புக்குப் பதில் பனைமரமாக இருக்கிறதே என்று பார்த்திருக்கிறார்.

ஏழு வருஷச் சிறைக்காரரின் சீடர் இரண்டு மணி நேரம் தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

"காலையில சொன்னத மாத்திக்கிடுதேன்," என்றேன். "எனக்குச் சம்மதம்."

கேட்கிறதா என்றேன்.

"கேக்குது," என்றார். "மூணு மாசமா தினமும், நீங்க இல்லன்னு சொல்லுத மாதிரி நெனச்சுப் பாத்துப் பழகினேன். சரின்னு சொன்னா என்ன செய்யணும்னு பழகவே இல்லயே."

திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி வரச் சொன்னேன். போர்டை வாசித்துவிட்டு ஏறச் சொன்னேன். பஸ் வந்ததும் போனிலேயே எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார், இரண்டு தடவை.