பெடலை மிதித்தவளின் தனிக்கச்சேரி

பியானோக்காரர் மனைவியை விட்டுப் போன அன்றே அவர் கைகளிலிருந்து சத்தம் போய்விட்டது. புது வீட்டில் உட்கார்ந்து கட்டைகளை அழுத்தினார்; இறங்கின, ஏறின, ஒன்றும் கேட்கவில்லை. பியானோவை மாற்றினார், மருத்துவரை மாற்றினார், ம்ஹூம். ஊரின் மறுகோடியில், மனைவி பூட்டிவிட்டு வெளியே போயிருந்த மூன்றாம் மாடி வீட்டில், பழைய பியானோ அவர் இங்கே அழுத்தியதை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தது. வீடு திரும்பிய மனைவியைக் கீழ்வீட்டுத் தையற்காரி படிக்கட்டில் மடக்கினாள்.

"அக்கா, நீங்க வெளிய போனப்புறம் உள்ள யாரு வாசிக்கிறது?"

"எங்க வீட்டுக்காரர்தான்."

"அவர்தான் போயிட்டாரே?"

"அவர் போயிட்டார். சத்தம் போகல."

தையற்காரி தலையாட்டினாள். மத்தியானம் மட்டும் கொஞ்சம் மெதுவாக வாசிக்கச் சொல்லும்படி கேட்டுக்கொண்டாள்.

இருபது வருடம் அவர்கள் ஒரே பியானோவில், ஒரே பெஞ்சில், நாலு கையால் வாசித்தவர்கள். வலப்பக்கம் அவர், மெட்டும் அவருக்கு, பூச்செண்டும் அவருக்கு. இடப்பக்கம் அவள், கனத்த சுரங்களும், இருவருக்கும் சேர்த்துப் பெடல் மிதிக்கிற வேலையும் அவளுக்கு. அந்தப் பெடல் பொல்லாத சாமான். பதமாக மிதித்தால் சுரம் நின்று முழங்கும்; பக்கத்தில் இருப்பவர் அவசரப்பட்டுச் சறுக்கினால் அதையும் பூசி மெழுகிவிடும். அவர் எங்கெங்கே சறுக்குவார் என்பது அவள் காலுக்கு மனப்பாடம். அந்த மனுஷன் என்ன செய்தார்? வானொலிப் பேட்டியில், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவங்களா? பெடல் மிதிப்பாங்க" என்று சொல்லிச் சிரித்தார். கொஞ்ச நாளில் மிதிக்க வேறொருத்தியைத் தேடிக்கொண்டார். அவள் அழவில்லை. வயிறு எரிந்தது. நன்றாக எரியட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவர் சத்தம் வரும் நேரமெல்லாம் பியானோ முன்னால் உட்கார்ந்து, பெடலில் கால் வைக்காமல் கேட்டாள். ஐயோ, எத்தனை கந்தல்! வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அதே மெட்டைத் தன் வலது கையால், அவர் சத்தத்துக்கு மேலேயே வாசிக்கத் தொடங்கினாள். முதலில் அவர் சத்தம் அவளை அமுக்கியது. மழைக்காலம் முடிவதற்குள் அது சுவரோரமாக ஒதுங்கிப்போனது. நேராக அரங்கத்து மேலாளரிடம் போய்க் கச்சேரிக்குத் தேதி கேட்டாள்.

"தனியாவா? வலப்பக்கம் யாரு?"

"நான்தான். எனக்கும் வலது கை இருக்கு."

சுவரொட்டி ஒட்டியபின்தான் பயம் பிடித்தது. மேடையில் விரல் தடுமாறினால் அவர் சொன்னது சரியென்று ஊரே சொல்லும். அந்த நேரம் பார்த்து, பழைய வீட்டில் தன் வாசிப்பு கேட்கிற சேதி எட்டி அவர் வந்து வாசலில் நின்றார், இளைத்துப்போய்.

"தப்புதாம்மா. சத்தத்தைக் கொடுத்துடு. என் பொழப்பே போச்சு."

"நான் எடுக்கலீங்க. அதுவா வந்துது."

"ஒரு வழியாவது சொல்லு."

"கச்சேரிக்கு வந்து முன்வரிசையில உட்காருங்க. சத்தம் தானா வரும்."

ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். வருமா வராதா என்று அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு அரங்கம் நிறைந்திருந்தது. இரண்டாவது உருப்படியில் விரல் சறுக்கியது. அவள் கால் பழக்கத்தில் பெடலுக்குப் போனது. வேண்டாம் என்று இழுத்துக்கொண்டாள். தப்பு அப்பட்டமாகக் கேட்டது. கேட்கட்டுமே என்று அதைத் தாண்டிப் போனாள். அதன்பின் அவளைப் பிடிக்க ஆளில்லை. கடைசிச் சுரம் ஓய்ந்ததும் மொத்த அரங்கமும் எழுந்து கைதட்டியது. அவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து வணங்காமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு வழியில்லாமல் எழுந்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு தட்டு தட்டினார். பளாரென்று கேட்டது. தன் கையையே திகைத்துப் பார்த்தார். மறுபடி தட்டினார், மறுபடியும் தட்டினார். மற்றவர்கள் ஓய்ந்தபின்னும் கண்ணீரோடு தட்டிக்கொண்டே இருந்தார். தட்டட்டும் என்று அவள் மனம் குளிர நின்றாள்.

மறுநாள் அவர் பியானோவுக்கு ஓடினார். ஒன்றும் கேட்கவில்லை. மூடியைக் குத்தினார், அதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கைதட்டும்போது மட்டும்தான் அந்தக் கைகளுக்குச் சத்தம் என்று புரிய இன்னும் இரண்டு கச்சேரிகள் ஆயின. இப்போது அவள் எந்த ஊரில் வாசித்தாலும் முன்வரிசையில் அவருக்கு ஓர் இருக்கை உண்டு. உருப்படி முடிந்ததா, நடுவில் நிறுத்தமா, எப்போது தட்டுவது என்று புதிதாக வருகிறவர்கள் விழிப்பார்கள். வாசலில் சீட்டுக் கிழிப்பவர் அவர்களிடம் சொல்வார்: "அதோ அந்தப் பெரியவரைப் பாருங்க. அவர் தட்டினா நீங்களும் தட்டுங்க."