அவர் இல்லாத அடுப்பு

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நிற்க வேண்டிவரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. கணவருக்குப் பிறந்தநாள். ஊரிலேயே பேர்போன உணவகத்தில் மேஜை பிடித்து, தன் சம்பளத்தில் விருந்து என்று சொல்லி அழைத்து வந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். பேச்சு சுவாரசியத்தில் அவளும் பின்னாலேயே வந்துவிட்டாள். பார்த்தால் ஒரு சந்து, காலி எண்ணெய் டின்கள், சமையலறையின் பின்கதவு.

"என்னங்க, இது பின்பக்கம்."

கோட்டும் டையும் புது ஷூவுமாக அவர் கதவின் பிடியில் கைவைத்தபடி நின்றார். "கால் தானா வந்துடுச்சு," என்றார்.

காலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்த உணவகத்தின் சமையற்காரர்களில் அவரும் ஒருவர். சாஸ் அடுப்பு அவருடையது. எலும்பையும் காய்கறியையும் நாள் முழுக்கக் கொதிக்கவைத்து, வடித்து, சுண்டவைத்து, தட்டில் இரண்டு கரண்டி ஊற்றுவார்கள். அந்த இரண்டு கரண்டிக்குத்தான் ஆட்கள் காத்திருந்து வருகிறார்கள் என்பது அவர் கட்சி. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பின்கதவு வழியாகத்தான் போய்வருகிறார். முன்வாசல் எந்தத் தெருவில் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

வேலை செய்கிற இடத்திலேயே போய் விருந்து சாப்பிடுவார்களா என்று அவர் ஒரு வாரமாக முரண்டு பிடித்திருந்தார். "ஊர்ல வேற ஓட்டலே இல்லையா? நான் லீவு போட்டா அந்த அடுப்பை யார் பார்க்கிறது?"

"மீசை பார்ப்பார்."

மீசை என்பது அவருக்கு உதவியாகப் பக்கத்தில் நிற்கும் ஆள். இவரைவிட இரண்டொரு வயதுதான் இளையவர். "அவன் கைக்கு உப்பே தெரியாதும்மா," என்றார் இவர். மனைவி விடவில்லை.

அவளுக்கு இது வெறும் விருந்து இல்லை. முதலாளி புதிதாக இன்னொரு கடை திறக்கிறார். ஆபீஸ்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு மட்டும். சாயங்காலம் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குத் தலைமைச் சமையற்காரராக வருகிறாயா என்று இவரைக் கேட்டிருந்தார். நாளைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள். இவரோ, "நான் போயிட்டா இங்க அடுப்பு அணைஞ்சிடும்" என்று ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மகன் வேறு ஊரில் கல்லூரி விடுதிக்குப் போனபிறகு அவள் தினமும் இரவுச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறாள். அவர் வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேர் இதைவிட அதிகம் பேசிக்கொள்வார்கள்.

அதனால் நேரில் காட்டிவிடுவது என்று கணக்குப் போட்டாள். அவள் வேலையே அதுதான். கடைக்கு வருகிறவர் கண்முன்னால் ஒவ்வொரு கண்ணாடி வில்லையாக மாற்றி வைத்து, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பது. வாதாடி யாருக்கும் பார்வை வந்ததில்லை. அவர் இல்லாமலே அந்த அடுப்பு எரிவதை அவரே பார்க்கட்டும் என்று முடிவு செய்தாள். மீசை சொதப்பிவிட்டால் கதை கந்தல், இந்த மனிதரை அந்த அடுப்பிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது. அது தெரிந்துதான் துணிந்தாள்.

சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்கள். உள்ளே மெல்லிய வெளிச்சம், வெள்ளைத் துணி விரித்த மேஜைகள், காலடிச் சத்தம் கேட்காத கம்பளம். பரிமாறுகிறவர் இவரைப் பார்த்து நமட்டுச் சிரிப்பு சிரித்து, "வாங்க சார்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். தினமும் "டேய், சாஸ் எங்கே?" என்று இவரைப் பார்த்துக் கத்துகிறவர் அவர்தான்.

அவர் சமையலறைக் கதவு தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார். சூப் வந்ததும் கைத்துண்டால் தட்டின் ஓரத்தைச் சுற்றித் துடைத்தார். பிறகு அவள் தட்டையும் இழுத்து அதன் ஓரத்தையும் துடைத்தார். கைகழுவ எழுந்து போனவர், வழியில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் கடந்தபோது, இடித்துக்கொள்ளாமலிருக்கச் சத்தம் கொடுக்கும் அடுப்பங்கரைப் பழக்கத்தில், "பின்னால, பின்னால," என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். நாலு மேஜைக்காரர்கள் திரும்பித் தங்கள் பின்னால் பார்த்தார்கள். அவளுக்குச் சிரிப்பை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னிக்கு நீங்க விருந்தாளி."

"விருந்தாளிதான். யார் இல்லன்னு சொன்னாங்க?"

சொன்னாரே தவிர இருப்புக் கொள்ளவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் காது அங்கே போனது. கறித்தட்டு வரத் தாமதமானது. "பார்த்தியா, மீசை திணறுறான்," என்றார். குரலில் கவலையைவிடச் சந்தோஷம்தான் அதிகம் இருந்தது. வீட்டில் நடு ஹாலில் ஒற்றை விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடுகிற ராத்திரிகள் வரிசையாக முன்னால் வந்து நின்றன.

தட்டு வந்தது. நடுவில் நாலு துண்டு ஆட்டுக்கறி, மேலே கரும்பழுப்பில் பளபளவென்று சாஸ். அவர் முதலில் முகர்ந்தார். தட்டைச் சாய்த்து அது எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். அவளும் ஒரு வாய் எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அது தேவாமிர்தமாக இருந்தது. ஆனால் அவள் நாக்கை யார் கேட்டார்கள்?

அவர் மறுபடி ருசி பார்த்தார். குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்பதுபோல மூன்றாவது தடவையும் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நீங்க வைக்கிற மாதிரியா?"

"நான் வைக்கிறதேதான். அப்படியே வச்சிருக்கான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இதற்குத்தானே வந்தாள், இதற்குத்தானே பணிந்தும் மிரட்டியும் அவரை இழுத்து வந்தாள்? இருந்தும் அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு வெற்றி பெற்ற மாதிரி இல்லை. பரீட்சையில் காப்பி அடித்துப் பாஸான மாதிரி இருந்தது.

"ஒரு நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறேன்," என்று அவர் எழுந்தார்.

"வேண்டாங்க. உட்காருங்க."

அவர் போயேவிட்டார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே போய்க் கோட்டைக் கழற்றிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. அந்த மனிதர் செய்யக்கூடியவர்தான். பிறந்தநாளும் மண்ணாங்கட்டியும் என்று தன் தட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

அவர் போன வேகத்திலேயே திரும்பி வந்தார். கோட்டு உடம்பிலேயே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. ஒருத்தன்கூடத் தலை நிமிர்ந்து பார்க்கல. எல்லாருக்கும் அவ்வளவு வேலை." கொஞ்சம் நிறுத்தினார். "மீசை மட்டும் சொன்னான். வழியில நிக்காதீங்கன்னு."

அவளுக்குச் சிரிக்கவும் வரவில்லை, அழவும் வரவில்லை. சொல்வதற்கு அவளிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. பார்த்தீங்களா, நீங்க இல்லாம நடக்குது, புதுக் கடைக்குச் சரின்னு சொல்லுங்க என்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தவை. அவற்றை விட்டுவிட்டு அவர் தம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

"நான் இல்லாமலே நடக்குது," என்றார் அவரே.

"நடக்குது."

அவர் மேஜைத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டார். "வீடும் இப்படித்தானா?"

சாமர்த்தியமாகப் பதில் சொல்ல அவளுக்குத் தெரியாதது இல்லை. கடையில் எத்தனை பேரைச் சமாளித்திருக்கிறாள். ஆனால் இதற்கு நேராகத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"வீடும் நடக்குதுங்க. வாடகை போகுது, துணி துவைச்சாகுது, குழாய் ஒழுகினா நானே ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிக்கிறேன். பையன் போன் பண்ணினா உங்களுக்கும் சேர்த்து நானே பேசிடறேன்." அவள் குரல் இறங்கியது. "எல்லாம் நடக்குது. நல்லா நடக்குதான்னு மட்டும் கேட்காதீங்க."

அவர் கேட்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எதிரில் உட்காரவைத்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். அவர் நாற்காலியை இழுத்து, சமையலறைக் கதவுக்கு முதுகு காட்டி அவள் பக்கமாகப் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடு, ஆறிடும்," என்றார். "நாளைக்கு முதலாளிகிட்டச் சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"அடுப்பை மீசைகிட்டக் குடுத்துடுங்கன்னு."