பாதிக் கதையில் மங்களம்

ஈப்போ மார்க்கெட்டில், பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, ரோசம்மாவின் முகத்தில் ஒருத்தி காறித் துப்பினாள்.

துப்பியவள் மூணுகல்லு ரப்பர் தோட்டத்து இருளாயி. போன மாதம் வயிரவன் நாடக செட் அந்தத் தோட்டத்துக்குப் போனபோது, ராணி வேஷம் கட்டிய ரோசம்மா காட்டில் புருஷனைத் தேடி அழுகிற இடத்தில் தானும் சேர்ந்து அழுதவள். அப்படிப்பட்டவள் இப்போது ரோசம்மாவின் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏண்டி பாவி, நீ அழுறேன்னு நானும் அழுதேனேடி! அந்த நேரத்துலதானே பின்னால லோரியைக் கொண்டாந்து நிப்பாட்டி என் புருசனை ஏத்துனானுங்க! ஆட்டத்தைக் காட்டி ஆளைப் புடிச்சுக் குடுக்கிறீங்களே, நீங்கல்லாம் நல்லா இருப்பீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. மாதாமேல சத்தியம்" என்றாள் ரோசம்மா. இருளாயி நம்பவில்லை. அவள் ஏன் நம்ப வேண்டும்? அன்று லோரி வந்தபோதும் ரோசம்மா பாட்டை நிறுத்தவில்லையே! "நிறுத்தாதே, நிறுத்துனா சுட்டுருவான், பாடு" என்று திரைக்குப் பின்னாலிருந்து வயிரவன் பல்லைக் கடித்துச் சொன்னான், இவளும் பாடினாள். மலாயாவைப் பிடித்துக்கொண்ட ஜப்பான்காரன் ஆள் பிடிக்க எந்த நேரமும் எங்கேயும் வருவான், அன்று நம்முடைய ஆட்டத்தன்று வந்துவிட்டான், நம் போதாத காலம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தபோதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. ஊரெல்லாம் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்கிற காலத்தில் செட்டுக்கு மட்டும் ஒரு மூட்டை அரிசி எங்கிருந்து வந்தது? வீட்டு விளக்குக்கே மண்ணெண்ணெய் இல்லாதபோது இரண்டு பெட்ரோமாக்ஸ் எரிய எண்ணெய் கொடுத்தது யார்? ஆம்பிளைகளை எல்லாம் ரோட்டோரமாக, லைட்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது எதற்கு? அடப் பாவிகளா! நேரே செட்டின் கொட்டகைக்கு நடந்தாள்.

அச்சாபீசுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் வயிரவன் ஒரு டோப்பாவுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தான். செட்டுக்குச் சொந்தக்காரன், பாட்டு வாத்தியார், ராஜபார்ட் எல்லாம் அவனே.

"அண்ணே, மூணுகல்லுல லோரி வரும்னு ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"மெதுவாப் பேசுலா."

"தெரியுமா, தெரியாதா?"

வயிரவன் டோப்பாவைக் கீழே வைத்தான். "தெரியும். என்னைய என்ன செய்யச் சொல்ற? லயத்து வீடுங்களுக்கு ஆள் புடிக்கப் போனா எல்லாவனும் கித்தா மரக் காட்டுக்குள்ள ஓடிர்றான். ஆட்டம் போட்டா ஒரே எடத்துல உக்காந்திருப்பான்னு அப்பாவு கிராணி கூப்புட்டுச் சொன்னாரு. அதுக்குப் பதிலா நம்ம செட்டு ஆம்பளை ஒருத்தனையும் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்க. ஒன் புருசன் ஆம்புரோசு இன்னைக்கு ஒன் பக்கத்துல உக்காந்து கஞ்சி குடிக்கிறான்னா, அது யாரால?"

சயாம் என்றால் காட்டை வெட்டி ரயில் பாதை போடுகிற வேலை. போனவர்கள் உண்டு, திரும்பியவனை அந்த வட்டாரத்தில் யாரும் பார்க்கவில்லை. அப்பாவு கிராணியோ அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பெரிய கிராணி, தலைமைக் கணக்கன். வெள்ளைக்கார துரை ஓடிப்போன மறுநாளே துரையின் பங்களாவில் ஏறிப் படுத்தவன். தன் சாதி சனத்தைத் தானே பிடித்துக் கொடுக்கிறோமே என்ற கூச்சம் துளிகூட இல்லாத ஜென்மம்.

"சனிக்கெழமை வாய்க்கால் தோட்டத்துல ஆட்டம்" என்றான் வயிரவன். "அங்க ஆள் சேரலேன்னா லோரியில ஏறப்போறது நாமதான். சன்னாசி, நானு, ஒன் புருசன், எல்லாரும். நல்லா யோசிச்சுக்க."

ரோசம்மா ஆம்புரோசிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். செட்டின் ஆர்மோனியக்காரன் அவன். வாய் பேசுவதே அபூர்வம். தைப்பிங் மாதா கோயிலில் தாலி கட்டிய நாளிலிருந்து இவள் கத்துவாள், அவன் கேட்டுக்கொண்டிருப்பான். அன்றும் அப்படித்தான் துருத்தியில் விழுந்த ஓட்டைக்குத் துணி ஒட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏங்க, வாயைத் தெறந்து ஒண்ணு சொல்லுங்களேன்! ஒங்க உசுருங்க!"

"அங்க உக்காரப் போறவனுக்கும் உசுருதான" என்றான் ஆம்புரோஸ். "நீ எதைப் பாடுறியோ நான் அதை வாசிக்கிறேன். வேற என்ன தெரியும் எனக்கு?"

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வழக்கம்போலப் பாடு, பேசாமல் இரு என்று ஒரு வார்த்தை சொன்னால், பழியை அவன் தலையில் போட்டுவிட்டு இவள் பாட்டுக்கு ஆடிவிட்டு வரலாமே! அந்த உதவியைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறானே மனுஷன்!

சனிக்கிழமை மத்தியானமே செட்டை ரப்பர் ஸ்டோருக்குள் விட்டு வாசலில் தண்டல் என்கிற மேற்பார்வைக்காரன் ஒருவனைக் காவல் நிறுத்திவிட்டான் கிராணி. தண்ணீர்க் குழாய்க்குப் போகிற சாக்கில் பெண்களிடம் ஒரு வார்த்தை போட்டுவிடலாம் என்று பார்த்த ரோசம்மாவை அந்தத் தண்டல் தாண்டவிடவில்லை. தண்ணீர் உள்ளேயே வந்தது.

அந்தி மயங்கியதும் ஆட்டம் தொடங்கியது. தோட்டமே வந்திருந்தது. பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம், ஆம்பிளைகள் ரோட்டோரப் பாய்களில். எவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு ஆட்டம்! கிழங்கு தின்று ஒட்டிப்போன முகங்களில் அப்படி ஒரு சிரிப்பு. பபூன் சன்னாசி வந்து தன் பங்குக்குச் சிரிக்கவைத்துவிட்டுப் போனான். அப்பாவு கிராணி முன்னால் நாற்காலி போட்டு, காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தான். நன்றாக இருட்டிக் கதை சூடுபிடித்த பிறகுதான் லோரி வரும் என்பது வயிரவன் வாயிலிருந்து ரோசம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அவள் அட்டைக் கிரீடத்தோடு வெளியே வந்தாள். புருஷனைத் தேடி அழ வேண்டிய இடம். வசனத்தை விட்டாள். நெஞ்சு வெடிக்கக் கத்தினாள்.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க! லோரி வருது! உங்களையெல்லாம் சயாமுக்குப் புடிச்சுட்டுப் போக வருது! எழுந்து ஓடுங்க!"

கிராணி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான். பிறகு என்ன நடந்தது தெரியுமா? சபை கைதட்டியது! அட, என்ன உருக்கம், என்ன நடிப்பு என்று விசிலடித்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று பின்வரிசைக்காரன் குரல் கொடுக்க, கிராணி சிரித்துக்கொண்டு மறுபடி சாய்ந்தான். இப்படியும் ஒரு சனமா! தொண்டை கிழியக் கத்துகிறவளைப் பார்த்து, இன்னொரு தரம் கத்து என்கிறதே! மேடையில் நிற்கிறவள் நெருப்பு என்றாலும் பாட்டுக்கு இழுவை என்று நினைக்கிற சனத்திடம் அவள் எந்த மொழியில் சொல்வாள்?

அவர்களுக்குத் தெரிந்த மொழி ஒன்று மிச்சமிருந்தது. மங்களம். மங்களம் பாடிவிட்டால் ஆட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு எவனும் பாயில் உட்காரமாட்டான், உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது. கதை முடியாமல் மங்களம் பாடினால் செட்டுக்கே ஆகாது என்பதும் அதே சாஸ்திரம். எந்த மழையிலும் எந்தச் சண்டையிலும் எந்தச் செட்டும் பாதிக் கதையில் அதைத் தொட்டதில்லை. ஆனால் வெறும் வாயால் பாடினால் அதுவும் நடிப்பாகிவிடும். ஆர்மோனியம் எடுத்துக் கொடுத்தால்தான் அது மங்களம்.

ரோசம்மா ஆம்புரோசைப் பார்த்தபடி முதல் அடியை எடுத்தாள்.

திரை ஓரத்தில் வயிரவன் இரண்டு கைகளையும் கூப்பினான். "வேணாம் ஆம்புரோசு, வாசிக்காத! நீயும் போயிருவடா!" என்று அடிக்குரலில் கெஞ்சினான். ஆம்புரோஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை. துருத்தியை ஒரு தரம் நன்றாக இழுத்து மங்களத்தை வாசித்தான். பழக்க தோஷம், மிருதங்கக்காரனின் கையும் தன்னால் சேர்ந்துகொண்டது.

சபை திகைத்தது. "என்னாலா இது, பாதியிலயே முடிச்சிட்டாங்க!" என்று திட்டிக்கொண்டே பெண்கள் பிள்ளைகளை வாரித் தோளில் போட்டார்கள். "எந்திரிங்க, மங்களம் பாடுன எடத்துல உக்காராதீங்க" என்று புருஷன்மாரை இழுத்தார்கள். ஆம்பிளைகள் முனகிக்கொண்டே எழுந்து பாயை உதறினார்கள்.

அப்போதுதான் அப்பாவு கிராணி புத்தி கெட்டு மேடைக்கு ஓடிவந்தான். "உக்காருங்க! ஆட்டம் இன்னும் இருக்கு! யாரும் போகாதீங்க, தயவுசெஞ்சு உக்காருங்கப்பா!"

தயவுசெஞ்சா? கூலிக்காரன் கூத்துப் பார்க்க வேண்டும் என்று எந்தக் கிராணி என்றைக்குக் கெஞ்சியிருக்கிறான்? பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த மரத்தில் பால் வெட்டும் பத்துமலை என்கிறவன் நிமிர்ந்து கிராணியைப் பார்த்தான், ராணி வேஷக்காரியைப் பார்த்தான். "டேய், அந்த அக்கா சொன்னது நெசம்டா!" என்று அலறினான். அவ்வளவுதான். பாய் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், அத்தனை ஆம்பிளைகளும் கித்தா காட்டுக்குள் பாய்ந்துவிட்டார்கள்.

லோரிகள் வந்தபோது திடலில் காலிப் பாய்கள்தான் கிடந்தன. இறங்கிய ஜப்பான் அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, அப்பாவு கிராணியின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். கிராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மேடைப் பக்கம் கையைக் காட்டினான்.

செட்டு ஆம்பிளைகளை அரிதாரத்தோடு ஏற்றினார்கள். சன்னாசி பபூன் தொப்பியோடு ஏறினான். வயிரவன்தான் தரையில் விழுந்து புரண்டான். "கிராணி சார், சொல்லுங்க சார்! எங்க ஆளுங்களைத் தொடமாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்களே சார்!" கிராணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இரண்டு சிப்பாய்கள் வயிரவனைத் தூக்கி உள்ளே எறிந்தார்கள்.

ரோசம்மா லோரியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க… என்னங்க…" என்று கதறினாள். ஆம்புரோஸ் குனிந்து அவள் விரல்களைக் கதவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான்.

"நல்லாத்தான் பாடுன, ரோசு" என்றான். "தைப்பிங்குக்கு ஒன் அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

லோரிகள் போய்விட்டன. லயத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சுற்றி நின்றார்கள். அறை வாங்கிய கோபத்தை யாரிடமாவது தீர்த்துக்கொள்ள வேண்டுமே, அப்பாவு கிராணி அவர்கள் முன்னாலேயே சிரித்தான்.

"பெரிய பத்தினி மாதிரி வேசம் கட்டுனியே, பாத்தியா? கட்டுன புருசனை நீயே ஏத்தி விட்டுட்ட!"

ரோசம்மா கண்ணைத் துடைத்தாள். அரிதாரமும் கண்ணீரும் கலந்து கையெல்லாம் சிவப்பாகிவிட்டது. அவள் அழுகை அங்கே நின்றது.

"மூணுகல்லுத் தோட்டத்து ஆம்பளைங்களை ஏத்துனதுல எனக்குப் பங்கு இருக்கு. அங்க ஒருத்தி என் மூஞ்சியில துப்புனா, தொடச்சிக்கிட்டேன். அது என் பழி, சாகுற மட்டும் நான் சொமக்கிறேன்" என்றாள். "ஆனா என் புருசனை ஏத்துனது நீ. நீ கை காட்டுனதை இத்தனை பொம்பளைங்களும் பாத்தாங்க. அதைக் கொண்டாந்து என் தலையில வைக்காத!"

கிராணி அடிக்கக் கையை ஓங்கினான். பெண்கள் ஒருத்திகூட நகரவில்லை. ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அவன் துரை பங்களாவைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். முதல் எச்சில் அவன் முதுகில் விழுந்தது.