பனித்துளிக்கு ஒரு கையெழுத்து

“கண்ணுக்குக் கீழ என்னடி ரெண்டு மூட்டை? எந்த ஊருக்குப் பயணம்?”

“உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்குக் கட்டினது. இறக்கி வைக்கத்தான் இன்னும் நேரம் கிடைக்கல.”

இருவரும் சிரித்தார்கள். அது போன வருடம், காலையில் பல் துலக்கும்போது. கணவர் வாய் கொப்பளித்ததோடு அதை மறந்துவிட்டார். அவள் மறக்கவில்லை.

சரும கிளினிக்கின் வரவேற்பு மேசையில் அவளுக்கு ஆறு வருட வேலை. ஊசி என்ற சொல் அங்கே வாயில் வரக்கூடாது என்பது டாக்டரம்மாவின் கட்டளை. நெற்றிச் சுருக்கத்துக்கு ஊசி போட்டால் ‘இளைப்பாறல்’. அமிலம் தடவித் தோலை உரித்தால் ‘புதுத்தளிர்’. கண்ணுக்குக் கீழுள்ள பள்ளத்தில் ஊசியால் ஜெல்லை நிரப்பினால் ‘பனித்துளி’. இந்தப் பெயர்களில் பாதி அவளே வைத்தவை.

இன்று பனித்துளி அவளுக்கே. ஊழியரானாலும் வீட்டிலிருந்து ஒருவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ‘முகத்துக்கு ஏதோ’ என்று மட்டும் சொல்லி, மதிய இடைவேளையில் கணவரை வரவழைத்திருந்தாள். மற்றவர்கள் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். இவரோ லிஃப்ட் மெக்கானிக். எச்சரிக்கைப் பலகையில் ஒரு வரி விடாமல் படித்துப் பழகியவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படிவத்தின் பின்பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“ரத்தக்குழாய் அடைபடலாம், அரிதாகப் பார்வை போகலாம்னு போட்டிருக்கு. ஏன்டி, பனித்துளியா கண்ணைப் பறிக்கும்?”

“அதெல்லாம் ரொம்ப அபூர்வம் சார். பத்தே நிமிஷம். முடிஞ்சதும் நேரா ஆபீஸ் போயிடலாம்.”

“சாரா?”

மேசைக்கு வருகிறவர்களிடம் தினமும் ஒப்பிப்பது அவளை அறியாமல் வாயில் வந்துவிட்டது. போன மாதம் இதே வார்த்தைகளை நம்பி உள்ளே போன டீச்சர் ஒருத்தி, கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்த வீக்கத்தோடு திரும்பி வந்தாள். அதையும் இவள் ‘சின்ன அசௌகரியம்’ என்றுதான் பதிந்து வைத்தாள்.

கணவர் பேனாவை மூடினார். “நான் போடமாட்டேன். உன் முகத்துக்கு என்ன குறைச்சல்? யாரு என்ன சொன்னாங்க?”

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அக்கா, டாக்டர் ரெடி. வர்றீங்களா?”

“இரும்மா.”

படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி இரண்டாக மடித்தாள்.

“நீங்கதான் சொன்னீங்க, மூட்டைன்னு. நானும் சேர்ந்து சிரிச்சேன், அதனால எனக்கு வலிச்சது உங்களுக்குத் தெரியல. அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கோங்க.”