சாடிக்கு அடியில் ஒரு பெயர்

மழைக்குள் ஒரு செங்கல் அளவு வெளிச்சம்.

சூளைச் சுவரில் ஒரு செங்கல்லை உருவினாள் வஞ்சிக்கொடி. உள்ளே சிவப்பு. செருகினாள். மறுபடி மழை. மறுபடி உருவினாள்.

“அதைக் கொஞ்சம் விடேன். காத்துப் பட்டா வெடிக்கும்னு நீதானே சொன்னே?” என்றான் கணவன் சென்னியப்பன்.

சும்மா இருக்கத் தெரியாத கை. போன முறை சூளை ஆறும்வரை பொறுக்காமல் பிரித்தாள். குளிர்காற்று நுழைந்தது. டிங். டிங். விரிசல் விழும் சத்தம். ஒரு பானைகூட மிஞ்சவில்லை.

அந்த மலை ஊரில் ஒரு பெண் சக்கரத்தின் முன் உட்கார்ந்து பானை வனைவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்த்த பிறகும் நம்பவில்லை. கடையில் விற்பவன் சென்னியப்பன். அப்படியானால் செய்பவனும் அவன்தான். ஊர் முடிவு செய்துவிட்டது.

இந்த முறை உள்ளே ஒரு பெரிய சாடி. மெருகுக்குத் தைலமரச் சாம்பலைக் கரைத்துப் பூசியது. அடியில், மண் ஈரமாக இருந்தபோதே, ஈர்க்குச்சியால் தன் பெயரைக் கீறியிருந்தாள். முதல் முறையாக.

மத்தியானம் ஜீப் வந்தது. கோவைக் கண்காட்சிக்குப் பொருள் எடுக்க வந்தவர்.

“சார்தானே செய்யறது? அட்டையில பேர் எழுதணும்.”

“நான் இல்லீங்க. இவதான்.”

அவர் சிரித்தார். “நல்லாத் தமாஷ் பண்றீங்க.”

“சாடிக்கு அடியில எம்பேரு இருக்குதுங்க,” என்றாள்.

“எங்க, திறந்து காட்டுங்க.”

“சூடு ஆறோணுங்க. நாளன்னிக்குத்தான்.”

“ஜீப் இப்பக் கிளம்புதும்மா. காட்டுங்க. இல்லாட்டிக் கடையில இருக்கறதை சார் பேர்ல எடுத்துக்கறேன்.”

கை செங்கல்லுக்குப் போனது. சுட்டது. உள்ளே அவள் பெயர், இன்னும் நெருப்பாக.

கையை எடுத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் கடைக்கதவைச் சாத்தினான். “கடை இன்னிக்கு லீவுங்க.”

ஜீப் இறங்கிப் போன சத்தம். பிறகு மழை. மழை மட்டும்.

சூளையைச் சுற்றினாள். நின்றாள். மறுபடி சுற்றினாள். செங்கல்லைத் தொடவில்லை.

“சூளை ஆறிரும். நீ எப்ப ஆறுவே?” என்றான்.

சொன்ன நாளில்தான் பிரித்தாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். டிங் இல்லை. சாம்பல் விலகி, சாடி. மழைக்கு முந்திய மலையின் பச்சை. விரிசல் இல்லை.

ரசிக்கக்கூட நிற்கவில்லை. கம்பளியில் சுற்றி, கோவை பஸ்ஸில் ஏறினாள். கண்காட்சி இந்நேரம் திறந்துவிட்டிருக்கும். திறந்திருக்கட்டும்.

“கைக்குழந்தைக்கு டிக்கெட் வேண்டாங்க அக்கா,” என்றார் கண்டக்டர். கம்பளி நழுவியது. “அட, சாடிங்களா! யாரு பண்ணுனது?”

மடியில் கவிழ்த்துக் காட்டினாள். அவர் குனிந்து எழுத்துக் கூட்டினார். “வஞ்சி... வஞ்சிக்கொடி. யாருங்க அது?”

“நாந்தான்.”

ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சாடியை. “பத்திரமாப் புடிச்சுக்குங்க. வளைவு வருது.”

பஸ் திரும்பியது. மழைக்கு இறக்கிய ஜன்னல் தட்டி முழுக்க இறங்காமல் ஓர் இடைவெளி. சாடியின் அடியில், கீறிய எழுத்தின் மேல், மழைக்குள்ளிருந்து ஒரு செங்கல் அளவு வெளிச்சம்.

அவள் மூடவில்லை.