நாடு கெட்ட வருசம்

குமுளி ஓட்டலில் எனக்கு அன்றைக்குத்தான் முதல் நாள் வேலை. பத்து மணிக்குள் போயாக வேண்டும். கம்பத்தில் நின்ற ஜீப்போ ஆள் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைந்தும் இருந்தது. அதற்குள் எங்கள் தெரு ஈஸ்வரபாண்டி மாமாவும் சங்கிலியம்மாள் அத்தையும், நாடு எப்போது கெட்டது என்று சண்டை போட்டு இறங்கிவிட்டார்கள்.

"கெணத்துக்கு மோட்டார் வந்து கமலை போச்சுல்ல, அன்னைக்கே முடிஞ்சுச்சு," என்றார் மாமா.

"கமலைய இழுத்தது மாடு, ஒமக்கென்ன வலிக்குது? என்னைக்கு தோசை மாவ பாக்கெட்டுல வித்தாகளோ, அன்னைக்குக் கெட்டுச்சு. இந்த மனுசனோட நான் வரமாட்டேன்."

"நானும்தான்."

மணி ஒன்பது. டிரைவர் நிதானமாகப் பல் குத்திக்கொண்டிருந்தார். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ரெண்டு பேரு சொல்றதும் தப்பு. ரெண்டாயிரத்து மூணுல நான் பொறந்தேன்ல, அன்னைக்குத்தான் நாடு கெட்டுச்சு."

இருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"இவ சொல்றது சரிதான்," என்று அத்தை ஏறினாள். "அந்த வருசந்தான் எங்க கிணறு வத்துச்சு."

"எங்க தெருவத் தோண்டிப் போட்டதும் அப்பத்தான்," என்று மாமா அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மலை ஏறும்வரை அந்த வருசத்துக் கேட்டையெல்லாம் சொல்லி என்மேல் குற்றம் அடுக்கினார்கள். ஒன்பது ஐம்பதுக்கு ஓட்டல் வாசலில் இறங்கினேன்.

அத்தை தலையை நீட்டினாள். "சாயங்காலமும் இதே ஜீப்புல வா ஆத்தா. ரெண்டாயிரத்து நாலு இன்னும் பாக்கி இருக்கு."